உள்பக்கம் திருப்பிப் பார்த்த மசோதா

1

இந்தக் கதை ஒரு கெட்ட எண்ணத்தில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எங்கள் சட்டமன்ற உறுப்பினர் கலைமகள், மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் செக்‌ஷனில் பதினான்கு வருடம் நின்றவர். ஆளுங்கட்சி கடைசி நேரத்தில் வேறு ஆள் அமையாமல் அவருக்குச் சீட்டுக் கொடுத்தது. ஜெயித்துவிட்டார். அவர் சட்டசபையில் பேசத் திணறுவதை எழுதி உங்களைச் சிரிக்க வைப்பது என் திட்டம். ஊதிப் பெருத்தவர்களைக் கண்டால் ஊசி எடுப்பதுதானே இருபது வருடமாக என் பிழைப்பு.

முதல் தொடக்கம்: "மாண்புமிகு உறுப்பினர் எழுந்தார்; மைக் எழவில்லை."

சுமார்தான். அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "சட்டசபையில் எல்லோரும் உட்கார்ந்தே வேலை பார்ப்பதைக் கண்ட கலைமகள், முதல் நாள் முழுக்க"

இது பாதியில் நின்றுவிட்டது. குத்தினால் யாருக்கு வலிக்கும் என்று யோசித்தேன். அவருக்கில்லை, உட்கார்ந்திருக்கிறவர்களுக்குத்தான் என்று தெரிந்தது.

2

மசோதாவைப் பற்றி நாலு வரி சொல்லியாக வேண்டும். (அரசிதழில் தேடாதீர்கள், இது இந்தக் கதையின் மசோதா.) தொழிலாளி எழுத்தில் சம்மதம் கொடுத்தால், எட்டு மணி நேரத்துக்குப் பதில் பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கலாம். முதல் பக்கம் முழுக்க 'விருப்பம்', 'உரிமை', 'சுதந்திரம்'.

முப்பது மெஷின் வைத்திருக்கும் என் நண்பர் மகுடேஸ்வரன் நல்ல மனிதர். "ஏனுங்ண்ணா, விருப்பப்பட்டவங்கதான செய்யப் போறாங்க? ஷிப்மென்ட் தேதி நம்ம சௌகரியத்தப் பாக்குமுங்களா?" என்றார். நானும் தலையாட்டினேன். முதல் பக்கத்தை மட்டும் படித்தவனுக்குத் தலையாட்டுவது சுலபம்.

கலைமகள் முதல் பக்கத்தைப் படிக்கவில்லை. செக்கிங்கில் பனியனைக் கையில் எடுத்ததும் உள்பக்கம் வெளியே திருப்புவார்கள். தையல் விட்டதும் நூல் பிரிந்ததும் அங்கேதான் தெரியும். அந்தப் பழக்கத்தில் மசோதாவையும் பின்னாலிருந்து திருப்பியிருக்கிறார். கடைசிப் பக்கத்தில் சம்மதப் படிவம். அதன் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: வேலையில் சேரும்போதோ பின்னரோ கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெற இயலாது.*

பழுது இருக்கும் இடத்தில் ஒட்டுகிற சின்ன அம்பு ஸ்டிக்கர் ஒன்றை எடுத்து அந்த வரியில் ஒட்டினார்.

* அந்தப் பக்கம் என் கையிலும் ஒரு வாரம் இருந்தது. டீ டம்ளரை அதன் மேல்தான் வைத்திருந்தேன்.

3

அமைச்சரிடம் கொண்டுபோய்க் காட்டினார். அமைச்சர், "காலத்தின் சக்கரம் முன்னோக்கிச் சுழல்கிறதம்மா. இதையெல்லாம் விதிகள் வகுக்கும்போது பார்த்துக்கலாம்" என்றார். (இங்கே என் ஊசி தானாக வெளியே வந்தது. உள்ளே வைத்துவிட்டேன், கதை அவருடையதல்ல.)

"அப்ப இந்தப் பீஸ ஆல்டர் பண்ணாமயே அனுப்பறீங்களாங்க?" என்று கேட்டாராம் கலைமகள். அமைச்சருக்குப் புரியவில்லையாம். (பழுதைப் பிரித்துத் திரும்பத் தைப்பதுதான் ஆல்டர்.)

4

ஏழைப் பெண் ஒருத்தியைக் கதைக்குள் நுழைத்துக் கண்ணீர் வரவழைக்கும் உத்தி எனக்குப் பிடிக்காது. பழனாயி நுழைந்ததற்கு நான் பொறுப்பல்ல. பார்வையாளர் மாடத்தில் என் பக்கத்து நாற்காலி அவருடையது. செக்கிங்கில் கலைமகளுக்குப் பக்கத்து டேபிள்காரர். மூன்று வயது மகளைக் காங்கேயத்தில் தம்பி வீட்டில் கெஞ்சி விட்டுவிட்டு வந்திருந்தார்.

"அந்தப் படிவத்துல போன மாசமே கையெழுத்து வாங்கிட்டாங்கண்ணா. சட்டம் வந்தாத் தேவைப்படும்னு."

"போட்டுட்டீங்களா?"

"எல்லாரும் போட்டாங்க, நானும் போட்டனுங்க. பாப்பாவப் பக்கத்து ரூம்காரம்மா பாத்துக்கறாங்க. ஏழு மணிக்கு அவங்க நைட் ஷிப்டுக்குப் போயிருவாங்க. இனி ராத்திரி எட்டரைக்குத்தான் எங்க கேட்டத் தொறப்பாங்கன்னா, பாப்பா யாருகிட்டங்க இருக்கும்?"

கீழே பேரவைத் தலைவர் வாக்கெடுப்பைத் தொடங்கிவிட்டார்.

"ஏற்போர் 'ஆம்' என்க."

கூரை அதிர ஒரு 'ஆம்'.

"மறுப்போர் 'இல்லை' என்க."

எதிர்வரிசையில் கொஞ்சம் இருமலும் கொஞ்சம் 'இல்லை'யும்.

பழனாயி என் பக்கம் சாய்ந்தார். "இத்தன பேரு ஒண்ணாக் கத்துனா, எது யாரு சொன்னதுன்னு எப்புடிங்ண்ணா தெரியும்?"

"தெரியாதும்மா."

"தெரியாதுங்களா? நாங்க ஒரு பனியனப் பாஸ் பண்ணுனாலே எங்க நம்பர ஒட்டோணுங்க. அது ஜெர்மனில பிரிஞ்சாலும் இங்க என்னையத்தான் கூப்புடுவாங்க."

காவலர் உதட்டில் விரல் வைத்தார். அதற்குள் கீழே கலைமகள் எழுந்துவிட்டார்.

"தலைவருங்களே, எண்ணோணுங்க. ஒவ்வொருத்தர் பேரும் எழுதோணுங்க. நாளைக்கு இது பிரிஞ்சா யாரு பாஸ் பண்ணுனதுன்னு தெரியோணுமுங்கல்ல?"

(இரண்டு பெண்கள் ஒரே நேரத்தில் ஒரே விஷயத்தைச் சொல்வது மட்டமான உத்தி. புதிதாக எழுத வருகிறவர்கள் செய்தால் திட்டுவேன். என்ன செய்ய, பதினான்கு வருடம் பக்கத்துப் பக்கத்து டேபிள்.)

அவர் கட்சிக்காரர் ஒருவர் பதறினார். "உட்காரும்மா! இது நம்ம மசோதாம்மா!"

"நம்மளுதுன்னா நம்ம பேரப் போட்டுக்க என்னங்க வெக்கம்?"

5

ஓர் உறுப்பினர் கேட்டால் எண்ணித்தான் ஆக வேண்டும். அவையைப் பகுதி பகுதியாக எழுப்பி, யார் எந்தப் பக்கம் என்று பதிவார்கள். ஆளுங்கட்சிக்காரர்கள் எல்லோரும் 'ஆம்' என்றே நிற்க வேண்டும் என்பது கொறடா உத்தரவு. மீறினால் பதவி போகும். கலைமகள் இருப்பது நான்காம் பகுதி.

முடிவு அ: 'இல்லை' என்று நிற்கிறார். பதவி போகிறது. மசோதா எப்படியும் நிறைவேறுகிறது. நாம் எல்லோரும் கைதட்டுகிறோம். பழனாயியின் பாப்பா கைதட்டாது.

முடிவு ஆ: 'ஆம்' என்று நிற்கிறார். நான் முதலில் எழுத நினைத்த கிண்டல் கதைக்கு அளவெடுத்துத் தைத்த முடிவு. ஒரு பத்தி எழுதினேன். கிழித்துப் போட்டேன்.

முடிவு இ: இதை எழுதுவதற்குள் கீழே நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் பகுதியை எழச் சொன்னார்கள். யாரும் எழவில்லை. காகிதம் புரளும் சத்தம்தான் கேட்டது. ஏறக்குறைய இருநூறு பேர் மசோதாவைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். பின்னாலிருந்து. அமைச்சர்கூட மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்தார். இருபது வருடம் குத்திக் குத்திப் பார்த்தும் ஓர் அவையைப் படிக்க வைக்க என்னால் முடிந்ததில்லை. கலைமகளுக்கு ஒரு கேள்வி போதுமாயிருந்தது. அன்று என் ஊசியை அந்த மாடத்திலேயே எங்கோ தொலைத்துவிட்டேன்.

பிறகு ஒவ்வொரு பகுதியாக எழுந்தார்கள். அவ்வளவு மெதுவாக மனிதர்கள் எழுந்து நான் பார்த்ததில்லை. ஒன்று. இரண்டு. மூன்று.

"நாலாம் பகுதி."

பழனாயி என் மணிக்கட்டைப் பிடித்தார். கலைமகள் அம்பு ஒட்டிய அந்தப் பக்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டு

6

இதற்கு மேல் எழுத மாட்டேன். சொன்னால் நீங்கள் அவரை மெச்சியோ திட்டியோ, பெயர் பதியாமல், கூட்டத்தோடு கூட்டமாகக் குரல் கொடுத்துவிட்டுப் போய்விடுவீர்கள்.

கதையை உங்கள் டேபிளில் வைத்திருக்கிறேன். உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். அவர் இடத்தில் நீங்கள் எந்தப் பக்கம் நிற்பீர்களோ, அந்த முடிவை எழுதிக் கீழே உங்கள் நம்பரை ஒட்டுங்கள்.

பிரிந்தால், பழனாயி கூப்பிடுவார்.

முடிவு: ..............................

நம்பர்: ..........