மறுகாவுக்கு ஒரு மடிப்பு

...இல்லை, பிழை தையல் மெசினின் பொபினில் இல்லை, துணியைப் புரட்டினால் அடிப்பக்கம் நூல் புழுப்போலச் சுருண்டு கிடக்கிறது, கண்டவர் எல்லாரும் கீழே இருக்கிற பொபினைத்தான் ஏசுவார்கள், ஆனால் தளர்ந்திருப்பது மேல் நூல், தளர்த்தியவன் தம்பி நோபேட். அரசாங்கக் கச்சேரியில் வெள்ளைக்காரத் துரைக்குப் பக்கத்தில் நின்று மொழிபெயர்க்கிறவனுக்கு ஒரு திருகு விளங்காமலா போகும், காலையில் கறுப்புக் கோட்டோடு மெசினுக்கு முன்னால் குனிந்து, "இதை இப்பிடிக் கிறுக்கோணும் அக்கா, எனக்குத் தெரியும்" என்று திருகைத் திருப்பிக் கிறுக்கினான். பீற்றிஸ் எழும்பி இடம் விட்டாள். பத்து மாதப் பிள்ளையைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு நிற்கிறவனிடம் என்னத்தைச் சொல்ல, அவனுடைய கைக்கும் கிறுக்குவதற்கு ஏதாவது வேண்டியிருந்திருக்கும்... கோயில் மணி அடிக்க முதல் பிள்ளையின் சட்டை முடியவேண்டும், அதுவும் மூன்று வரி லேஸோடு. "துரை வருவார், உடையார் வருவார், சும்மா சட்டையோட கிடத்தினா என்ன நினைப்பாங்க?" என்றான். துரை நினைப்பது இருக்கட்டும், பெட்டிக்குள் கிடக்கப்போகிறவள் லேஸைக் கண்டால் வாயில் வைத்துச் சப்பியிருப்பாள், அவளுக்குத் தெரிந்த மரியாதை அவ்வளவுதான்.

திருகை வலப்பக்கம் கொஞ்சம். கந்தைத் துண்டில் ஓட்டினாள், துணி சுருங்கி நூல் அறுந்தது, கூடிப்போச்சு, இனிக் கொஞ்சம் பின்னுக்கு, மயிரிழை... இப்போது மேலும் கீழும் ஒரே தையல், காற்றில்லாத நேரத்து வாவிபோல. அம்மா சீதனமாகக் கொடுத்த மெசின். நோபேட்டின் பள்ளிக்கூடக் காற்சட்டைகள் எல்லாம் இதில்தான், அடியில் ஒரு மடிப்பு, வருசத்துக்கு வருசம் அவிழ்த்துவிட மடிப்பு, அவன் வளர்ந்ததே அவள் பிரித்த மடிப்புகளில்தான், இப்போது துரையின் தோளுக்கு வந்துவிட்டான். எந்தத் தாய் பிள்ளைக்குத் தைக்கத் துணியோடு வந்தாலும் பீற்றிஸ் "கொஞ்சம் மடிச்சு வைக்கிறன், பிள்ளை வளந்தா மறுகா பிரிச்சு விடலாம்" என்பாள், அந்த மடிப்புக்கு மட்டும் திருகைத் தளர்த்துவாள், ஒரு நுனியை இழுத்தால் முழுத்தையலும் கழன்று வரவேண்டும்... லேஸ் மூன்று வரியும் முடிந்தது, அடி விளிம்பும் ஓடி முடிந்தது.

கதவடியில் றோஸ்மேரி. பிள்ளையைப் பெற்றவள். அழுது முடித்த முகம். உள்ளே வந்திருந்து சட்டையை மடியில் எடுத்து விளிம்பைத் தடவினாள், விரல் ஓரிடத்தில் நின்றது.

"மடிப்பு வைச்சிருக்கிறீங்க மச்சாள்."

பீற்றிஸ் குனிந்து பார்த்தாள். ஓம். இரண்டு விரல் அகல மடிப்பு, சீராக, சுற்றிவர.

"பிரிச்சு விடுறன், தாங்க."

"வேணாம்," என்றாள் றோஸ்மேரி, சட்டையையும் விடவில்லை.

வெளியே நோபேட் யாருக்கோ கதிரை போடச் சொல்கிறான். மடிப்பின் நூல் நுனி பீற்றிஸின் விரலுக்குள் இருந்தது, இழுத்தால் வந்துவிடும். கண் திருகுக்குப் போயிற்று. அது இடப்பக்கம் தளர்ந்து நின்றது. நோபேட் காலைக்குப் பிறகு மெசினடிக்கு வரவேயில்லை... அப்படியென்றால் இதை எப்போது கிறுக்கினேன்?