நாலு விரல் கீழே

…செங்கல்லை மறைக்கத்தானே சிமெண்டு பூசுகிறோம், அப்புறம் அந்தச் சிமெண்டை மறைக்கச் செங்கல் படம் போட்ட காகிதம் ஒட்டுவார்களாம், அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் வேறு, இவர் அதை நாலு நாளாக மனப்பாடம் செய்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். கூரைக்குக் கீழே ஒரு பொய்க்கூரை, அதன் இடுக்கில் விளக்கு, விளக்கு தெரியாதாம் வெளிச்சம் மட்டும் தெரியுமாம், சரி. கூடத்துக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே இருந்த சுவரை இடித்துவிட்டு வரிசையாக மரச்சட்டங்கள், அத்தனை சட்டத்திலும் தூசி துடைக்கப்போவது யார் என்று இவர் அமர்த்தியிருக்கிற வடிவமைப்புக்காரப் பெண் காட்டிய படத்தில் இல்லை, படத்தில் ஆளே இல்லை, ஒரு கிண்ணம் நிறையப் பச்சை ஆப்பிள் மட்டும் இருந்தது, இந்த வீட்டில் ஆப்பிள் வாங்கினால் மறுநாள் கண்ணால் பார்க்கக் கிடைக்காது. கொழுந்தனார் தன் வீட்டைப் புதுப்பித்தார், போய்ப் பார்த்துவிட்டு வந்தோம், அன்றிலிருந்து இவருக்கு இருப்புக்கொள்ளவில்லை, விஷயம் அவ்வளவுதான். செய்யட்டும். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, சமையல் மேடை என் உயரத்துக்கு வேண்டும். இருபத்தாறு வருஷமாகக் கேட்கிறேன். போன வாரம்தான் 'சரி, மேடை உன் இஷ்டம்' என்று வாயிலிருந்து வந்தது, அதுவும் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமல்.

மேஸ்திரி பத்து மணிக்கு அளவெடுக்க வருவதாகச் சொன்னார், பத்தரை ஆகிறது, மொட்டையாகக் கிடக்கும் சமையலறையில் நான் மட்டும் நிற்கிறேன். மேடையை நேற்றே உடைத்துவிட்டார்கள். அது இருந்த இடத்தில் சுவரில் ஒரு கோடு, கோட்டுக்கு மேலே எண்ணெய்ப் பிசுக்கு, கீழே வெளுத்த சுண்ணாம்பு… இவ்வளவு கீழேயா இருந்தது? என் இடுப்புக்கும் கீழே. இதன் முன்னாலா இத்தனை வருஷம் நின்றேன்? மாமியாரைக் குறை சொல்ல முடியாது, குட்டையான மனுஷி, தன் உயரத்துக்குத் தான் கட்டிக்கொண்டார், அதில் என்ன தப்பு. வந்த புதிதில், மேலே ஒரு பலகைக் கல்லாவது போடலாமா அத்தை என்று கேட்டேன், "கொஞ்சம் குனிஞ்சாத்தான் என்ன, தேய்ஞ்சா போயிடுவ?" என்றார். தேய்ந்துதான் போனேன் அத்தை, முதுகெலும்பில் எத்தனையாவது எலும்பு என்று படம் பிடித்துக் காட்டினார் டாக்டர், "குனியாதீங்க" என்றார், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, டாக்டர் முன்னால் என்ன இளிப்பு என்று இவர் வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தார். மாமியார் போன பிறகும் கேட்டேன். "அம்மா பார்த்துப் பார்த்துக் கட்டினது, அதுல மட்டும் கை வைக்காத" என்று இவர் கண்கலங்கினார், நானும் நம்பி ஒன்பது வருஷம் அதன்மேல் கை வைக்காமல், கையை மட்டும் வைத்துச் சமைத்தேன். அதே மனுஷர்தான் நேற்று ஆட்களிடமிருந்து சம்மட்டியை வாங்கி முதல் அடியைத் தானே போட்டார், போட்டோவுக்கு. படம் சரியாக வரவில்லை என்று இரண்டாவது அடி. தம்பிக்கு உடனே அனுப்பியாயிற்று.

பள்ளிக்கூடத்தில் வரிசையில் கடைசி ஆள் நான்தான், ஒட்டடைக்குச்சி என்று பெயர், அந்தப் பெயரில் எனக்கு ரகசியமாக ஒரு கர்வம் உண்டு, கரும்பலகையின் மேல் ஓரத்தை அழிக்க டீச்சரே என்னைத்தான் கூப்பிடுவார்… அந்தப் பெண் எங்கே போனாள்? கல்யாணப் போட்டோ எடுக்கும்போது போட்டோக்காரர் இவர் காலடியில் ஒரு பலகையைப் போட்டார், அப்படியும் போதவில்லை, அம்மா என் காதருகே வந்து "முழங்காலைக் கொஞ்சம் மடிச்சுக்கோடி, துணிக்குள்ள யாருக்குத் தெரியப்போகுது" என்றாள். மடித்துக்கொண்டேன். சொந்த அம்மா. பலகைமேல் அவர், மடித்த காலோடு நான், படத்தில் இரண்டு பேரும் ஜோடிப்பொருத்தமாகச் சரிசமம், பார்க்கிறவர்கள் எல்லாம் புகழ்ந்தார்கள். கூடத்தில் மாட்டியிருந்த அந்தப் படம் இப்போது அட்டைப்பெட்டியில் இருக்கிறது, செங்கல் காகிதத்துக்கு அது பொருந்தாதாம், அந்த ஒரு விஷயத்தில் வடிவமைப்புக்காரப் பெண்ணுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

மேஸ்திரி வந்துவிட்டார், காதில் பென்சிலோடு. "சமைக்கிறது யாரும்மா?" என்றார், கேள்வியைப் பார், இந்த வீட்டில் யாருமே கேட்காத கேள்வி, நான்தான் என்றேன். "அப்ப இங்க வந்து நில்லுங்க. நான் புத்தகத்துல இருக்கிற உயரமெல்லாம் வைக்கமாட்டேன். சமைக்கிறவங்க கைதான் எனக்கு அளவு. முழங்கையிலேருந்து நாலு விரல் கீழ, அங்க வெச்சாத்தான் முதுகு தப்பிக்கும்." யாரோ ஒரு மனுஷர், என் முதுகைப் பற்றி… போய்ச் சுவரோரம் நின்றேன். "சும்மா விறைப்பா நிக்காதீங்கம்மா, காய் நறுக்குவீங்கல்ல, அந்த மாதிரி நில்லுங்க." நின்றேன். அதை நினைத்து நிற்க வேண்டுமா என்ன, கால் தானாக அகன்றது, இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தது, தலை இறங்கியது, கை போய் ஓரிடத்தில் நின்றது. அவர் முழங்கைக்குக் கீழே நாலு விரலை ஒட்டிவைத்துப் பென்சிலால் கீறினார். கீறியவர் குனிந்து சுவரைப் பார்த்தார். "என்னம்மா இது, பழைய கோட்டு மேலயே வந்து உக்காருது?"

வாசலில் இவர் குரல், எப்போது வந்தாரோ. "நான்தான் சொன்னேனே, அவளுக்கு அதுதான் பழக்கம். அதே உயரத்துக்கே வெச்சுடுங்க மேஸ்திரி." எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பென்சிலைப் பிடுங்கி உடைத்திருப்பேன். இன்னொரு தரம் எடுங்க என்றேன். நிமிர்ந்தேன், முதுகில் எங்கெங்கோ இழுத்தது, "இன்னும் கொஞ்சம் நிமிருங்கம்மா" என்றார், இதற்குமேல் எப்படி நிமிர்வது, இன்னும் எவ்வளவு பாக்கி இருக்கிறது என்னிடம்? கரும்பலகையை நினைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். இரண்டாவது கோடு முதல் கோட்டுக்கு ஒரு சாண் மேலே விழுந்தது. ஒரு சாண்! இருபத்தாறு வருஷத்தில் நான் கொடுத்தது இவ்வளவா என்று இவரிடம் காட்ட வேண்டும்போல் இருந்தது, இவர் அதற்குள் கைப்பேசிக்குப் போய்விட்டார்.

மேஸ்திரி செங்கல் அடுக்கி மேல்கோட்டுக்கு ஒரு பலகையை வைத்துத் தந்தார், "கை வெச்சுப் பாருங்க." வைத்தேன். தோள் தூக்கிக்கொண்டு நின்றது, கத்தி பிடிக்கிற மாதிரி பிடித்துப் பார்த்தேன், கை வரவில்லை, யார் வீட்டிலோ விருந்துக்குப் போய் உதவி செய்ய நிற்கிறேன் போலிருக்கிறது. செங்கல்லை எடுத்துவிட்டுக் கீழ்க்கோட்டுக்கு இறக்கினார். கையை வைத்தேன்… சுகமாக இருந்தது. பொய் சொல்லி என்ன, அவ்வளவு சுகமாக இருந்தது, வலி எல்லாம் போய் அதது அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது, அதுதான் வயிறு எரிகிறது, இவர் சொன்னது நிஜமாகிவிட்டதே. "எதை வைக்கட்டும்மா, மேல்கோடா, கீழ்க்கோடா?" என்கிறார் மேஸ்திரி. மேல்கோடுதான், அதில் என்ன சந்தேகம், என் இஷ்டம் என்றுதானே சொல்லியிருக்கிறார்… அவர் இரண்டாம் முறை கேட்கிறார், நான் இன்னும் கீழ்க்கோட்டுப் பலகையிலிருந்து கையை எடுக்கவில்லை.