கமலவேணி வீட்டுச் சுவரிலிருந்து கொட்டும் மணல்

உப்பளம் மைதானத்துக்கு எதிரே வண்டி போட்டிருக்கும் கமலவேணி, வேர்க்கடலை வறுக்கிற மணலை விலைக்கு வாங்குவதில்லை. அது அவள் வீட்டுச் சுவரிலிருந்து கொட்டுகிறது. தினம் காலையில் ஒரு முறம் தேறும். ஆற்று மணலைவிடப் பொடி, சட்டியில் சீக்கிரம் சூடேறும், கடலை கருகாது. பொட்டலம் மூன்று ரூபாய். சந்தேகப்படுகிறவன் வேறு வண்டியில் வாங்கித் தின்னட்டும்.

அவள் புருஷன் ராமலிங்கம், மில் மூடினதும் இரண்டாயிரத்து ஒன்றில் சவுதிக்குப் போனான். ஏஜெண்டு சொன்னது டிரைவர் வேலை, கிடைத்தது ஒட்டகம் மேய்க்கிற வேலை. ஏஜெண்டு பேச்சை நம்பினவனுக்கு அதுதான் கதி. ஒரு வருஷம் போன் வந்தது, அப்புறம் நின்றது. செத்துப்போனான் என்று பாதித் தெரு சொன்னது. அங்கே எவளையோ சேர்த்துக்கொண்டான் என்று மீதித் தெரு சொன்னது. கமலவேணி மீதித் தெருவின் கட்சி.

அவன் திரிகிற இடத்தைக் கண்ணால் பார்க்கணும் என்று, தேர்தலுக்குச் சுவர் எழுதுகிற ஆதிமூலத்தைக் கூட்டிவந்து வீட்டுச் சுவரில் பாலைவனம் வரையச் சொன்னாள். ஆதிமூலம் செஞ்சிக்கு மேல் போனதில்லை. மலை என்றால் அவனுக்குக் குண்டுக்கல் அடுக்கின செஞ்சி மலை. பாலைவனத்து முள்ளுக்குக் கருவடிக்குப்பம் சுடுகாட்டோரத்துச் சப்பாத்திக்கள்ளியைப் பழத்தோடு வரைந்துவைத்தான்.

குவைத்தில் இருந்துவிட்டு வந்த வீட்டுச் சொந்தக்காரன் இராமதாஸ் பார்த்துச் சிரித்தான். "இன்னா ஆதிமூலம், இது செஞ்சிக்கோட்டைய்யா. நான் ஏழு வருஷம் இருந்தவன், ஒரு கள்ளியக் கண்டதில்ல."

"நீ ஏசியில குந்தினு இருந்திருப்ப, வெளிய எங்க பாத்த?" என்றான் ஆதிமூலம்.

இரண்டொரு வருஷத்தில் மலையடியில் எறும்பு அளவுக்கு ஓர் ஆள் தெரிந்தான். ஆதிமூலம்தான் வந்து வந்து வரைகிறான், வரைய மட்டும் வரவில்லை என்று தெரு பேசியது. இரண்டாயிரத்து ஆறு தேர்தலுக்கு அவன் காரைக்கால் போய் மாதக் கணக்கில் சுவர் எழுதினான். திரும்புவதற்குள் ஆள் விரல் நீளம் வளர்ந்துவிட்டான். நடையில் இடது கால் இழுத்தது. ராமலிங்கத்துக்கும் இழுக்கும், தறி இடித்த கால். அதற்கப்புறம் ஆதிமூலத்தை யாரும் தப்பாகப் பேசவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை.

கமலவேணி அழவில்லை. சுவரில் மூக்கை ஒட்டிக்கொண்டு, அவனுக்குப் பின்னால் முக்காடு ஏதாவது தெரிகிறதா என்று தேடினாள். தெரியவில்லை. "கள்ளிக்குப் பின்னால ஒளிஞ்சிருப்பா" என்றாள்.

அடுத்த பொங்கலுக்கு இராமதாஸ் சுண்ணாம்பு வாளியோடு வந்தான். மணல் கொட்டிக் கொட்டிச் சுவர் இளைக்கிறது என்றான். அது பொய்யுமில்லை. ராமலிங்கம் அப்போது முழ உயரம், முகம் தெரியக் கொஞ்சம்தான் பாக்கி. கமலவேணி வறுக்கிற கரண்டியோடு குறுக்கே நின்றாள்.

"தள்ளும்மா. செவுரு என்னுது."

"செவுரு உன்னுது. ஆளு என்னுது. அவன்மேல ஒரு சொட்டு பட்டுச்சு, உன் மூஞ்சிக்கு நான் வெள்ளையடிப்பேன்."

இராமதாஸ் மற்ற மூன்று சுவருக்கும் அடித்துவிட்டுப் போனான்.

இரண்டாயிரத்து எட்டு மாசியில் ஒரு மத்தியானம் ராமலிங்கம் சுவரிலிருந்து இறங்கினான். உதடு வெடித்திருந்தது, உள்ளங்காலில் முள். கமலவேணி முதலில் அவன் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். அப்புறம் வாயைப் பார்த்தாள்.

"வாய் இன்னா இவ்ளோ செவப்பு? எவ வெத்தல மடிச்சிக் குடுத்தா?"

"வெத்தல இல்லடி, கள்ளிப்பழம். அந்த ஒட்டகக்காரங்கிட்டேருந்து தப்பிச்சி நடக்கறேன், எந்தப் பக்கம் பாத்தாலும் மணலு. ஒரு நாள் பாத்தா தூரத்துல நம்ம செஞ்சி மலை. கிட்ட வந்தா சப்பாத்திக்கள்ளி. அந்த ஊர்ல ஏது இது? நம்மூரு வந்துடுச்சுன்னு அதப் புடிச்சே நடந்துட்டேன்." ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சுவரைத் திரும்பிப் பார்த்தான். "ஆமா, இத வரஞ்சவன் யாரு? எத்தினி நாளு வந்தான்?"

கமலவேணி ஊசியை எடுத்து முள் பிடுங்க உட்கார்ந்தாள். கொஞ்சம் ஆழமாகவே குத்தினாள்.

இப்போது வண்டியை ராமலிங்கம் தள்ளுகிறான். இராமதாஸ் மணலுக்கும் சேர்த்து வாடகை கேட்கிறான். சுவரில் மலையும் கள்ளியும்தான் மிச்சம், மணல் கொட்டுவது மட்டும் நிற்கவில்லை. தினம் காலையில் முறத்தோடு போகும்போது கமலவேணி மலையடியை ஒருதரம் உற்றுப் பார்ப்பாள். இதுவரைக்கும் எவளும் வரவில்லை.