சுண்ணாம்புச் சத்து

வெள்ளையடிப்பவரின் மகள் ராணுவப் பயிற்சிக்குப் போன நான்காவது மாதமே காலில் மாவுக்கட்டோடு திரும்பிவிட்டாள். மூட்டையைச் சுமந்துகொண்டு ஓடி ஓடி, முழங்காலுக்குக் கீழே எலும்பு விரிசல் விட்டிருந்தது. இனி இந்த வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "புள்ளைங்களுக்கு அந்தச் சத்து மாத்திரையையாவது ஒழுங்கா குடுத்தாங்களா இல்லையா?"

"தினமும் சுண்ணாம்புச் சத்து மாத்திரை குடுத்தாங்கப்பா. நான்தான் சாப்பிடல."

"ஏம்மா?"

"பொடி பண்ணிக் குழைச்சு கேன்வாஸ் ஷூவுக்கு அடிச்சிட்டேன். ஷூ அழுக்கா இருந்தா இன்னும் நாலு சுத்து ஓடவிடுவாங்க. நீங்கதானே போன்ல சொன்னீங்க?"

சொல்லித்தான் இருந்தார். ஷூ வெளுக்கவே மாட்டேங்குது என்று அன்றைக்கு அவள் அழுதாள். எப்படியாவது சிரிக்க வைக்கலாம் என்று, சாரத்தில் நின்றபடியே, "அதான் சுண்ணாம்பு மாத்திரை குடுக்கறாங்களே, கரைச்சு ரெண்டு கோட்டிங் அடி. அப்பன் தொழில் உனக்கு வராமயா போயிடும்?" என்றார். அவளும் சிரித்துவிட்டுத்தான் போனை வைத்தாள்.

"நான் விளையாட்டுக்குச் சொன்னேம்மா."

"பரவால்லப்பா. நல்லாத்தான் பிடிச்சுது."

அவர் அவளுடைய பெட்டியைத் திறந்து ஷூவைக் கையில் எடுத்தார். எங்கும் திட்டு விழாமல், மூலை முடுக்கெல்லாம் இரண்டு கோட்டிங் சீராக ஏறியிருந்தது. அவரே அடித்தது போல இருந்தது.