பத்தொன்பது விநாடி

நகரப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையில் அவர் சிக்னல் பொறியாளர். நெரிசலைக் குறைக்கப் புதிய கணினி ஒன்று வந்திருந்தது. எந்தச் சாலைக்கு எவ்வளவு நேரம் பச்சை என்று அதுவே கணக்குப் போடும். பதினைந்து சந்திப்புகளில் மக்கள் சாலையைக் கடக்கும் நேரத்தை இருபத்தெட்டு விநாடியிலிருந்து பத்தொன்பதாகக் குறைக்கலாம் என்றது. பொறியாளர் கையெழுத்துப் போட்டார். வண்டிகள் மடமடவென்று நகர்ந்தன. மூன்றாம் மாத அறிக்கையின் கடைசி வரியில், நடந்து கடப்பவர்களும் குறைந்துவிட்டார்கள், அதுவும் நல்லதே என்று எழுதினார். மேலதிகாரி அந்த வரியை முன்னால் கொண்டுவரச் சொன்னார்.

பொறியாளரின் வீட்டில்தான் அவருடைய மாமனாரும் இருந்தார். முப்பது வருடம் தெருத்தெருவாக நடந்து தபால் கொடுத்தவர். சாலைக்கு எதிர்ப்புறம் முடிதிருத்தும் கடையில் ஊர்வம்பு பேசாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அவர் போவதை நிறுத்தியிருந்தார். கேட்டதற்கு, கடைக்காரன் முடியைவிட ஆளைத்தான் அதிகம் அறுக்கிறான் என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

ஒரு மாலை, வீட்டருகே இருந்த சந்திப்பின் கேமரா திரையில் பொறியாளர் அவரைப் பார்த்தார். பச்சை விழுந்தது. மாமனார் நான்கடி வைத்தார், சிக்னலில் விநாடி எண் குறைவதைப் பார்த்தார், பின்வாங்கினார். அடுத்த பச்சைக்கும் அப்படியே. மூன்றாவதற்குக் காலே எடுக்கவில்லை. வேட்டியைச் சரிசெய்துகொண்டு, யாரும் பார்த்தார்களா என்று சுற்றுமுற்றும் நோக்கிவிட்டு, வீட்டுப் பக்கம் திரும்பினார்.

பொறியாளர் உடனே பழைய பதிவுகளை ஓட்டினார். பதினைந்து சந்திப்புகளிலும் அப்படித் திரும்பிப்போனவர்கள் இருந்தார்கள்.

வீட்டுக்குப் போனதும் மாமனார் பக்கத்தில் உட்கார்ந்து, கடக்கும் நேரத்தைக் குறைத்தது தானே என்று எதையும் மறைக்காமல் சொன்னார்.

மாமனார் தன் முழங்காலைத் தடவினார். "என் கால்தான் போச்சுன்னு நெனச்சேன் மாப்பிள்ளை. அதான் வெளிய சொல்லல."

அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது பொறியாளருக்கு.

மறுநாள் பழைய நேரத்தையே வைக்கும்படி மேலதிகாரியிடம் கேட்டபோது, மாமனார் கடக்கும் சிக்னலை மட்டும் மாற்றித் தருகிறேன் என்றார். பொறியாளர் ஒப்புக்கொள்ளவில்லை. தன் அறிக்கை தவறு, மக்கள் குறையவில்லை, திரும்பிப்போனார்கள் என்று மாநகராட்சி மன்றத்துக்குத் தன் பெயரிலேயே எழுதினார். அவரைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து பழைய கோப்புகள் இருக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். பதினைந்து இடங்களிலும் பழைய நேரம் திரும்ப வந்தது. வர ஐந்து மாதம் ஆனது.

பழைய நேரம் வந்த அன்று மாமனாரைச் சந்திப்புக்கு அழைத்துப்போனார். அத்தனை மாதம் நாற்காலியிலேயே கிடந்த கால்கள் விறைத்துப்போயிருந்தன. பாதிச் சாலையிலேயே மாமனாருக்கு மூச்சு வாங்கியது. பொறியாளர் அவர் கையை இறுகப் பிடித்து நடத்தினார். எதிர்ப்புறம் ஏறும்போது சிவப்பு விழுந்துவிட்டது. முதல் வண்டிக்காரர் மட்டும் பொறுத்துக்கொண்டார்.

"போன வருஷம் தனியாவே வந்துடுவேன்," என்றார் மாமனார். குற்றம் சொல்லும் குரல் இல்லை அது.

"தெரியும் மாமா," என்றார் பொறியாளர். பிடித்த கையை விடவில்லை.