கொடுக்காத இரண்டு நாள்

கஜானி கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தாள். தண்ணீரில் போட்ட புற்றுநோய்க் குளிசை இன்னும் முழுதாகக் கரையவில்லை. காலை எட்டு மணிக்குக் கொடுத்திருக்க வேண்டியது. இப்போது பத்தரை.

“வாயத் திறங்க. கொஞ்சந்தான்.”

புருசன் உதயரூபன் உதட்டைப் பிரித்தான். தண்ணீர் கடைவாயால் வழிந்து தலையணையில் இறங்கியது.

“விடு கஜானி, புரைக்கேறிரும்,” என்றார் அவனுடைய அக்கா கண்ணகை.

“விட்டா வளந்திரும் மச்சாள்.”

கல்லடியில் படகு எஞ்சின் திருத்துகிறவன். சிகரெட்டையே தொடாதவனுக்கு நுரையீரலில் புற்றுநோய் என்றபோது டொக்டர் படம் கீறிக் காட்டினார். உடம்பிலுள்ள ஒவ்வொரு சிறு கலமும் வளர வெளியிலிருந்து ஒரு கட்டளை வரவேண்டும். இவனுக்கு அந்தக் கட்டளையை வாங்கும் இடமே பழுது. யாரும் சொல்லாமலே வளரச் சொல்லிக்கொண்டிருக்கிறது. குளிசை அதை அடைத்து வைக்கும்.

“அப்ப எக்ஸிலேட்டர் இறுகிப்போச்சு, டொக்டர்,” என்று உதயரூபன் சிரித்தான்.

ஒரு வருசம் அடைத்து வைத்தது. பிறகு பெரியகல்லாற்றில் கண்ணகையின் மகளுக்குக் கல்யாணம். குளிசையால் நாளுக்குப் பத்துத்தரம் வயிற்றோட்டம். “ரெண்டு நாளைக்கி விடுவம்கா. சபையில மனிசனா இருக்கணும்,” என்று கஜானியிடம் கெஞ்சினான். அவளும் இரண்டு நாள் குளிசை கொடுக்கவில்லை. மாமன் முறைக்கு முன்னால் நின்று எல்லாம் செய்தான். அடுத்த ஸ்கேனில் கட்டி வளர்ந்திருந்தது.

அந்த இரண்டு நாளை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை.

இப்போது மூச்சு நின்று நின்று வந்தது. குசினி அடுப்பருகே போய் டொக்டருக்குப் போன் எடுத்தாள். மூன்றாம் தரந்தான் பதில் வந்தது.

“டொக்டர், கல்யாணத்துக்கெண்டு ரெண்டு நாள் குளிசை குடுக்கல்ல. அதாலயா திரும்ப வளந்தது?”



“இவ்வளவு நாளும் இத மனசுல வச்சிருந்தீங்களா? அதால இல்லம்மா. குளிசை ஒரு வழியத்தான் அடைக்கும். புற்றுக்கலம் மெல்ல மெல்ல வேற வழி பிடிச்சிரும். ஒரு நாளும் விடாம எடுத்தவங்களுக்கும் இப்படித்தான் வந்திருக்கு.”

“இண்டைக்கிக் குடுக்கணுமா?”

“வேணாம். பக்கத்துல இருங்க.”

ஓடிவந்து அவன் காதருகே குனிந்தாள். “இஞ்சருங்க. அந்த ரெண்டு நாளால இல்லயாம். டொக்டர் சொல்றார்.”

கண்ணகை நிமிர்ந்தார். “எந்த ரெண்டு நாள்?”

கஜானியின் கண் சுவரிலிருந்த பெரியகல்லாற்றுக் கல்யாணப் படத்துக்குப் போனது.

“என்ட புள்ளட கல்யாணத்துக்கா?”

கஜானி ஓமென்று தலையசைத்தாள். கண்ணகை தம்பியின் பாதத்தைப் பிடித்துக்கொண்டார்.

கஜானியின் மணிக்கட்டில் அவன் விரல் அசைந்தது போலிருந்தது. அடுத்த மூச்சுக்குக் காத்திருந்தாள். வந்தது. அதற்கடுத்ததற்கும் காத்திருந்தாள். கண்ணகை கையை நீட்டி அவன் கண்களை மூடிவிட்டபோதும் காத்துக்கொண்டுதான் இருந்தாள்.

வெளியே மோட்டார்சைக்கிள் வந்து நின்றது. தோணிக்கார நிலோஜனின் குரல்.

“உதயண்ணன் நிக்காரா? எஞ்சின் ஸ்டார்ட் வருகுதில்ல.”

கண்ணகை எழுந்து போனார். வாசல் கேற்றில் ஒரு கதவுதான் திறந்திருந்தது. மற்றதன் கொளுக்கியையும் கழற்றி, சனம் வந்துபோக இரண்டையும் அகலத் தள்ளி, காற்றுக்கு மூடாதபடி கல் வைத்தார்.

நிலோஜன் ஹெல்மெட்டைக் கழற்றினான்.