தலைமாட்டு மேப்பு

சவப்பெட்டியைத் தோளிலிருந்து இறக்காமலேயே நின்றார்கள். கம்பெனிக் கதவில் பூட்டு தொங்கியது. அதற்கு அந்தப் பக்கம், ஏரிக்கரை ஓரமாகக் கல்லறைத் தோட்டம். ஷாரோனின் தம்பி செல்வராஜ் அங்கேதான் கிடக்கிறான். அவன் பக்கத்தில் தன்னைப் புதைக்க வேண்டும் என்பதைத் தவிர பெட்டிக்குள் இருந்த அப்பா ஆபிரகாம் வேறொன்றும் கேட்டதில்லை.

"இது கம்பெனி இடம்மா. வழி இருந்துச்சுன்னு ஆதாரம் ஏதாவது இருக்கா?" என்றார் வருவாய் ஆய்வாளர். அவருக்குப் பின்னால் இரண்டு போலீஸ்காரர்கள் நின்றார்கள்.

"மேப்பு கீது சார்," என்றாள் ஷாரோன்.

அப்பா சர்வே ஆபீசில் வாட்ச்மேனாக இருந்தபோது, கழித்துப்போட்டதிலிருந்து எடுத்துவந்த பழைய வரைபடம் அது. ஏரி, கிளியாறு, செங்கல் சூளை, ரைஸ்மில் எல்லாம் அதில் உண்டு. சேரியிலிருந்து கல்லறைக்குப் போகும் பாதை புள்ளி புள்ளியாகத் தெரியும். கம்பெனி வந்த பிறகு அதைத் தூக்கிக்கொண்டு அவர் ஏறாத ஆபீஸ் இல்லை.

"யம்மா, எங்க வச்ச அந்த மேப்ப?"

செங்கம்மாள் பெட்டியைப் பார்த்தாள். "தலகாணிக்கு அடியில வச்சிக்கினு தூங்குவாரேன்னு... தலமாட்டுலயே வச்சிட்டேன்."

ஷாரோனுக்கு அம்மாவை அடித்துவிடலாம் போல ஆத்திரம் வந்தது.

"கோயில்லயே ஆணி அடிச்சாச்சு. இனிமே பொட்டிய தொறக்கக் கூடாது," என்றாள் அத்தை ஞானம்மாள். போதகர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேரமாவுது. பஞ்சாயத்து சுடுகாட்டுக்குக் கொண்டு போங்க," என்றார் ஆய்வாளர்.

"எறக்குங்க. தாவீதண்ணா, கடப்பாறய எடு," என்றாள் ஷாரோன்.

குழி வெட்ட வந்த தாவீது தயங்கினான். செங்கம்மாள்தான் சொன்னாள்: "தொற தாவீது. அவரு ஒண்ணியும் சொல்ல மாட்டாரு."

ஆணிகள் கிறீச்சிட்டுக் கழன்றன. ஷாரோன் அப்பாவின் தலையை ஒரு கையில் தாங்கி, மறு கையால் மடித்த தாளை உருவினாள். தலை கனத்தது. துப்பட்டாவைச் சுருட்டி அந்த இடத்தில் வைத்தாள்.

ஆய்வாளர் தாளை ஜீப்பின் மேல் விரித்தார். அவர் விரல் சேரியில் தொடங்கி, புள்ளிகள் வழியே போய், சிலுவைக் குறியில் நின்றது. பிறகு கம்பெனி வாட்ச்மேனைப் பார்த்துத் தலையசைத்தார்.

"இன்னிக்கு மட்டும்."

பூட்டு திறந்தது. செங்கம்மாள் கையை நீட்டினாள். "குடு. அவரோடயே வச்சிடலாம்."

"வேணாம்மா. நாளிக்கி நீயும் இங்கதான வரணும்."

செங்கம்மாள் கையை இழுத்துக்கொண்டாள். தாவீது மறுபடி ஆணி அடித்தான். ஷாரோன் தாளை மடித்தாள். அதில் ஏரி இருந்த இடத்தில் அப்பாவின் தலையெண்ணெய் படிந்திருந்தது.